கண்ணாடிக்குள் உதிரும் வேப்பம்பூ



சபுருக்குப் போனவர்கள் உள்ள வீடுகளில் அன்பளிப்புகள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் பயணம் செய்கின்றன. துபாயிலிருந்தும் ரியாதிலிருந்தும் வரும் அட்டைப்பெட்டிகளில் அத்தர், பால்மாவு, கம்பளி, டார்ச் விளக்கு, பேரீச்சம்பழம், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் என்று ஏதேனும் வந்துகொண்டே இருக்கும். இங்கிருந்து அங்கே போவது தொதலும் ஊறுகாயும் மாசியும். அறையில் உள்ளவர்கள் பகிர்ந்து உண்டால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். கட்டிலின் தலைமாட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி வீட்டிலிருந்து ஒரு பொருள் போவது அரிது. கைப்பேசியில் படங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் கையில் எடுத்தால் கனக்கிற ஒரு பொருளின் இடத்தை அவை நிரப்புவதில்லை என்பது என் எண்ணம்.

சென்ற கோடை விடுமுறையில், அதாவது ஹிஜ்ரி 1446 ஷவ்வால், துல்கஃதா மாதங்களில், எங்கள் மக்தபுப் பிள்ளைகள் அப்படி ஒரு பொருளைச் செய்தார்கள். கடைகளில் பார்த்திருப்பீர்கள்: நீர் நிரம்பிய கண்ணாடி உருண்டை, அதனுள் ஒரு சிறு கட்டடம், குலுக்கினால் பனி பெய்வதுபோல் வெண்துகள்கள் மெல்ல இறங்கும். அதையே நம் வீட்டைப்போல், விளக்கும் எரியும்படி, கையால் செய்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஒரு பிள்ளையின் வாப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு.

அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. வாப்பா துபாய் தேராவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். வேலை மாறியதால் விடுப்பு தள்ளிப்போய், மூன்று ஆண்டுகளாக இரண்டு பெருநாட்களுக்கும் அவரால் கீழக்கரைக்கு வர இயலவில்லை. நோன்புப் பெருநாளுக்கு அவர் மகனுக்கு அனுப்பிய பெட்டியில் புர்ஜ் கலீஃபா உள்ளே நிற்கும் ஓர் உருண்டை இருந்தது. உலகிலேயே உயரமான, 828 மீட்டர் கட்டடம், ஒரு விரல் நீளத்தில் நின்றது. அதைச் சுற்றித் தங்க நிற ஜிகினாத் தூள் பறந்தது. வந்த மூன்றாம் வாரம் விளக்கு அணைந்துவிட்டது. பையன் அதை எடுத்துக்கொண்டு மக்தபுக்கு வந்தான்.

மின்கருவிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. நான் படித்தது ஃபிக்ஹும் அரபு இலக்கணமும். ஆனால் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவரை ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பின் அழைத்தோம். அவர் அடிப்பாகத்தைத் திறந்து காட்டினார். சட்டைப் பொத்தான் அளவுள்ள மூன்று பேட்டரிகள், நிறம் மாறும் ஒரு எல்.இ.டி., ஒரு சுவிட்ச். “இவ்வளவுதானா?” என்றனர் பிள்ளைகள். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் வேலை தொடங்கியது.

இந்த உருண்டை எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டதற்கு நான் படித்தறிந்ததைச் சொன்னேன். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் எர்வின் பெர்சி என்பவர் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்து பிழைத்தவர். 1900ஆம் ஆண்டளவில் மின்விளக்கின் ஒளி அறுவை மேசைக்குப் போதவில்லை. அந்நாட்டுச் செருப்புத் தைப்பவர்கள் மெழுகுவர்த்திக்கு முன் நீர் நிரம்பிய கண்ணாடிக் குண்டை வைத்து ஒளியைக் குவித்துக்கொள்வது வழக்கம். அதைப் பார்த்து அவரும் நீர்க் குண்டை விளக்கின் முன் வைத்தார். ஒளியைப் பெருக்க நீரில் சில துகள்களைக் கலந்து பார்த்தார். அவற்றுள் ஒன்று ரவை. ஒளி கூடவில்லை. ரவை மட்டும் பனிபோல் மெல்ல இறங்கியது. இது அவருடைய குடும்பத்தார் இன்றும் சொல்லும் வரலாறு. அந்தக் குடும்பம் இப்போதும் வியன்னாவில் இதே தொழிலைச் செய்துவருகிறது. ரவை என்றதும் பிள்ளைகள் உப்புமா உப்புமா என்று சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று.

நான் அத்துடன் நிறுத்தவில்லை. நீர் நிரம்பிய கண்ணாடிக் குண்டு வியன்னாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் அறிஞர் ஒருவரின் கையில் இருந்தது. பாரசீகத்தைச் சேர்ந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, இப்னுல் ஹைஸமின் ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் ஒளியியல் நூலுக்கு விரிவுரை எழுதியவர். 1300ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வாழ்ந்தவர். வானவில் எப்படி உண்டாகிறது என்று அறிய அவர் வானத்துக்கு ஏற முடியாது. மழைத்துளியையும் கையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. எனவே பெரிய கண்ணாடிக் குண்டில் நீர் நிரப்பி, அதையே ஒரு மழைத்துளியாகக் கொண்டு, இருட்டறையில் அதனுள் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். ஒளி உள்ளே நுழையும்போது ஒருமுறை வளைகிறது, உட்சுவரில் பட்டுத் திரும்புகிறது, வெளியேறும்போது மீண்டும் வளைகிறது என்று கண்டறிந்தார். தூரத்தில் உள்ளதை அருகில் கொண்டுவந்து பார்ப்பதற்கு அவருக்கு ஒரு குண்டு நீர் போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் இதற்குச் சிரிக்கவில்லை. மாணவர் கொண்டுவந்திருந்த டார்ச்சை வாங்கி, தண்ணீர்க் குவளைக்குப் பின்னால் அடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்நிலையில் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் மக்தபு வாசலில் நின்று, “ஹஜ்ரத், இது கிறிஸ்துமஸ் சாமான் அல்லவா? பிள்ளைகளுக்கு இதை ஏன் பழக்குகிறீர்கள்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பெர்சி முதன்முதலில் விற்ற உருண்டையில் இருந்தது மரியாசெல் என்னும் ஊரின் தேவாலயம் என்பதையும் நான் அவரிடம் மறைக்கவில்லை. பிற சமயத்தாரின் வழிபாட்டுக்குரிய அடையாளத்தை மேற்கொள்வது வேறு, மனிதர்களின் கைத்தொழிலை எடுத்துக்கொள்வது வேறு என்றேன். மன்னர்கள் முத்திரையில்லாத மடலை ஏற்பதில்லை என்று கூறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் முத்திரை மோதிரம் செய்துகொண்டார்கள். பாரசீகர்களின் போர்முறையை ஸல்மான் (ரலி) எடுத்துரைக்க, மதீனாவைக் காக்க அகழ் தோண்டினார்கள். கண்ணாடியும் நீரும் எந்தச் சமயத்துக்கும் உரியவையல்ல, உள்ளே எதை வைக்கிறோம் என்பதே பேச்சு என்றேன். அவர் முழுமையாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். “உள்ளே எதை வைக்கப் போகிறீர்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று போய்விட்டார். அதுவும் நியாயமே.

உள்ளே எதை வைப்பது? முதலில் எங்கள் ஊர் ஜும்ஆ பள்ளியின் கல்தூண்களைச் செய்யலாம் என்றார்கள். அந்தச் சிற்ப வேலையைப் பிள்ளைகளின் கையால் எம்-சீலில் கொண்டுவருவது எளிதன்று. பிறகு பையனின் வீட்டு முகப்பு என்று முடிவாயிற்று: திண்ணை, இரட்டைக் கதவு, முன்னால் ஒரு வேப்பமரம். வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டை எம்-சீலால் பிசைந்து எனாமல் பெயின்ட் பூசினார்கள். தெர்மாகோல் மிதக்கும், அட்டை ஊறிப்போகும், ஆகையால் அவை உதவா. பழைய மின்கம்பியை உரித்து எடுத்த செம்பு இழைகளை முறுக்கி மரம் ஆக்கினார்கள்.

அப்போதுதான் பையன் களிமண்ணில் பிடித்த ஓர் உருவத்தைக் காட்டினான். வெள்ளைக் கைலி, கோடுபோட்ட சட்டை, தொப்பி. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வாப்பா.

மக்தபு ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடக் கடினமான தருணம் பாடப்புத்தகத்தில் வராது. உயிருள்ளவற்றின் உருவத்தை வடிப்பது பற்றி நம் இமாம்கள் கடுமையாகக் கூறியிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகளை வைத்து விளையாடியதும் ஹதீஸில் உண்டு. அதைக் கொண்டு குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு அறிஞர்கள் பலர் விலக்களித்திருப்பதையும் நான் மறைத்ததில்லை. ஆனால் இது விளையாடி உடைத்துப் போடும் பொம்மையன்று. ஒருவர் அலமாரியில் வைத்து நாள்தோறும் பார்க்கப்போகும் நினைவுப் பொருள். உருவம் செய்து பிழைப்பதாகச் சொன்ன ஒரு மனிதரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், செய்தே ஆகவேண்டுமானால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய்துகொள்ளுமாறு அறிவுரை கூறிய செய்தி ஸஹீஹ் நூல்களில் இருக்கிறது. அந்த அறிவுரையை அவனுக்கு விளக்கினேன். கண்டிக்கவில்லை, கட்டளையிடவும் இல்லை. அவன் உருவத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “சரி ஹஜ்ரத்” என்றான். அந்த “சரி” எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது. மூன்று ஆண்டுகளாக வீட்டில் இல்லாத ஒருவரைக் கண்ணாடிக்குள்ளும் இருக்க விடவில்லையே என்று அவன் நினைத்திருக்கக்கூடும்.

இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து எதையோ கொண்டுவந்தான். கோதுமை மணி அளவில் ஒரு ஜோடிச் செருப்பு. சைக்கிள் டியூபின் ரப்பரை வெட்டி, மெல்லிய செம்புக் கம்பியால் வார் வைத்திருந்தான். வாப்பா ஊரில் அணிந்த செருப்பு இன்னும் வாசலிலேயே இருக்கிறதாம். உம்மா வெள்ளிக்கிழமைதோறும் தூசி துடைத்து அதே இடத்தில் வைக்கிறாராம். அதைப் பார்த்துச் செய்தது.

அதை எந்தப் பக்கம் நோக்கி வைப்பது என்று பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கே நடந்தது. நுனி தெருவைப் பார்த்தால் புறப்படப் போகிறார் என்று பொருளாம். வீட்டைப் பார்த்தால் வந்துவிட்டார் என்று பொருளாம். பையன் வீட்டைப் பார்த்து ஒட்டினான். பிறகு என்னிடம் சொன்னான்: “உருவம் வேண்டாம்னு சொன்னீங்கல்ல ஹஜ்ரத். வாப்பா உள்ளதான் இருக்காங்க. வெளிய இருந்து பார்த்தா தெரியாது.” என் ஃபிக்ஹு ஆசிரியர்கள் இருந்திருந்தால் அவனை அணைத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி விளக்கு. இதில் என் மாணவரின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கடை உருண்டையில் சுவிட்சைப் போட்டால் எரியும், மறந்தால் பேட்டரி தீரும்வரை எரிந்துகொண்டே இருக்கும். நம்முடையது அப்படி இராது என்றார். உள்ளே ஒரு சிறு குண்டு உருளும் சுவிட்சை வைத்தார். உருண்டையைத் தலைகீழாகப் புரட்டினால் குண்டு உருண்டு இணைப்பு ஏற்படும், அந்நேரம் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தை நிரப்பிக்கொள்ளும். நேராக நிறுத்தினால் இணைப்பு விடுபடும். ஆயினும் கெப்பாசிட்டரில் நிரம்பியது ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகச் சிறிது சிறிதாக வடிந்து, பி.சி.547 என்னும் டிரான்சிஸ்டரைத் திறந்து வைத்திருக்கும். அது திறந்திருக்கும்வரை எல்.இ.டி. எரியும். வடிய வடிய ஒளியும் மங்கும். 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டர் வைத்தபோது, ஒளி ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நின்று, மெல்ல மெல்ல அடங்கியது. எல்.இ.டி.யோடு மட்டும் நூறு ஓம் ஒன்று. மின்சாரத்துக்கு மூன்று பென்சில் பேட்டரிகள், ஆக 4.5 வோல்ட். பொத்தான் பேட்டரி சிறியதாக, வசதியாக இருக்கும், ஆனால் சிறு குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் தொண்டைக் குழலை அரித்துப் புண்ணாக்கிவிடும். வீட்டில் அப்படிப்பட்ட பொருள்கள் இருந்தால், பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

நீர் நிரப்புவதில் பொறுமை வேண்டும். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் உப்பு, சில வாரங்களில் பாசி பிடிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும், மருந்துக் கடைக் கிளிசரினும் வாங்கினோம். கிளிசரின் கூடக் கூட நீர் தடித்து, துகள்கள் மெதுவாக இறங்கும். தேன் பாட்டில் ஒன்றின் மூடிதான் அடித்தளம், அதன்மேல் வீட்டையும் மரத்தையும் ஒட்டி, பாட்டிலைக் கவிழ்த்துத் திருகிவிட வேண்டும். எல்.இ.டி.க்காக மூடியில் இட்ட துளையை அரால்டைட்டால் அடைத்தோம். முதல் பாட்டில் இரவு முழுவதும் கசிந்து, காலையில் பாய் நனைந்திருந்தது. இரண்டாவதில் அரால்டைட்டை முழுதாக ஒரு நாள் காயவிட்டார்கள், ஒரு சொட்டும் வெளிவரவில்லை.

எது உதிர வேண்டும் என்பதும் ஒரு பேச்சாயிற்று. மன்னார் வளைகுடாக் கரையில் பனி பெய்வதாகக் காட்டினால் வாப்பா சிரிப்பார் என்றான் ஒருவன். கடல் மணலைக் கழுவிப் போட்டார்கள், இரண்டே நொடியில் அடியில் போய் உட்கார்ந்தது. ஜிகினாத் தூள் மேலேயே கட்டியாக மிதந்தது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டதும் இறங்கியது, ஆனால் துபாய்க் கட்டடத்தைச் சுற்றிப் பறந்ததுபோலவே இருந்தது. மக்தபு முற்றத்தில் அந்த மாதம் வேம்பு பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தொப்பிமேலும் ரிஹால் பலகைமேலும் விழும். ஒரு சிறுமி முட்டை ஓட்டின் உட்தோலை உரித்துவிட்டு, நொறுக்கிக் கொண்டுவந்தாள். அதைப் போட்டுப் புரட்டியதும் யாரும் பேசவில்லை. அது வேப்பம்பூவேதான். மரத்திலிருந்து திண்ணைமேல், திண்ணையிலிருந்து செருப்பின்மேல். கடைசிப் பூ அடியில் சேரும் நேரமும் விளக்கு அடங்கும் நேரமும் ஒத்துவரும்படி கிளிசரினைக் கூட்டியும் குறைத்தும் ஒரு வியாழக்கிழமை முழுவதும் செலவிட்டார்கள். அன்று மஃரிப் பாங்கு சொன்னது அவர்களுக்குக் கேட்டதா என்பதே ஐயம். நான்தான் எழுப்பி உளூச் செய்ய அனுப்பினேன்.

பெரியவரும் வந்து பார்த்தார். கையில் எடுத்துப் புரட்டினார். விளக்கு அணையும்வரை பார்த்தார். “செருப்பு யாருடையது?” என்றார். சொன்னேன். அவருடைய மகன்களும் இரண்டு பேர் வெளிநாட்டில்தான். மார்க்கத்தைப் பற்றி வேறெதுவும் கேட்காமல், இன்னொரு முறை புரட்டினார்.

துபாய் திரும்பும் உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். பாட்டிலில் இருந்தது ஏறத்தாழ 250 மில்லி. நூறு மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையில் விடமாட்டார்கள் என்பதால், இரண்டு கைலியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்தார். பேட்டரிகளைக் கழற்றித் தனியே பொதிந்தோம். பெட்டி புரளும்போதெல்லாம் உள்ளே விளக்கெரிந்தால் மதுரை விமான நிலையத்தில் அவர் பாடு என்னாவது! பையன் ஒரு சீட்டு எழுதி வைத்தான்: ராத்திரி படுக்கும்போது தலைகீழாகப் பிடித்து, பத்து எண்ணிவிட்டு நேரே வைக்கவும்.

ஜூன் 6, வெள்ளிக்கிழமை. அங்கே ஹஜ்ஜுப் பெருநாள், இங்கே எங்களுக்கு அரஃபா நோன்பு. ஜும்ஆவுக்குப் பின் வாப்பா அழைத்திருக்கிறார். பையன் ஓடிவந்து கைப்பேசியை என் கையில் கொடுத்தான். ஸலாம் சொல்லிவிட்டு அவர் வீட்டைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பேசினார். பிறகு சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “ஹஜ்ரத், என் இடக்கால் செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தி வைத்திருந்தேன். அதையும் செய்திருக்கிறானே” என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. கோதுமை மணி அளவுச் செருப்பில் ஊக்கை நான் பார்த்திருக்கவில்லை. வளைந்த கண்ணாடியும் நீரும் சேர்ந்து உள்ளே இருப்பதை அகலப்படுத்திக் காட்டும். விளக்கை அணைத்த அறையில், அந்தச் சிறு ஒளியில், அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

அவருடைய அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள். எல்லோரும் மாறி மாறிப் புரட்டி, முதல் வாரத்திலேயே பேட்டரியைத் தீர்த்துவிட்டார்களாம். இப்போது ஆளுக்கொன்று வேண்டும் என்கிறார்கள். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், அதிராம்பட்டினத்துக்காரர் இருவர் தங்கள் வீட்டு முகப்பைப் படம் அனுப்பியிருக்கிறார்கள். திரூரைச் சேர்ந்த மலையாளச் சகோதரர் வீட்டில் ஓட்டுக்கூரையும் முற்றத்தில் ஒரு கிணறும் உண்டு. கிணற்றுச் சகடையை எதில் செய்வது என்று பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பேனா மூடி என்கிறான் ஒருவன், பொத்தான் என்கிறாள் ஒருத்தி. என் மாணவரின் கடையில் உருளும் குண்டுச் சுவிட்ச் மூன்றுதான் மிச்சம். மேலும் வாங்கிவர அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறார்.